மருமகப் பிள்ளையின் இரட்டை விளைச்சல்

முதலாளி வீட்டு மருமகனாக இருப்பதும் ஒரு பட்டப்படிப்புதான் என்பது டாக்டர் பிரமராம்பாவுக்கு ஐம்பத்தொரு வயதில்தான் தெரிந்தது. பாக்டீரியாவோடு இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவள் அவள். அதில் கடைசி ஒன்பது வருஷமும் ஒரே தடுப்பூசி, ஒரே ஆய்வகம், நகரத்துக்கு வெளியே, ஷாமீர்பேட்டையைத் தாண்டிய அதே பாறைக்காடு. அந்த மருமகன் பிரணீத்துக்கு வயது முப்பத்து மூன்று. அமெரிக்காவில் வியாபாரம் படித்தான், திரும்பி வந்து முதலாளி பெரிய சாரின் இரண்டாவது பெண்ணைக் கட்டினான், அடுத்த தசராவுக்குள் தடுப்பூசிப் பிரிவு முழுவதற்கும் தலைவனாகிவிட்டான். மாப்பிள்ளைக்குப் பண்டிகைக்கு ஏதாவது செய்யாமல் முடியுமா? ஒருவர் மோதிரம் போடுவார், ஒருவர் கார் வாங்கித் தருவார். பெரிய சார் பிரமராம்பாவின் ஒன்பது வருஷத்தைத் தூக்கிக் கொடுத்தார்.

அவள் அவனை அல்லுடுகாரு என்றுதான் சொல்வாள். தெலுங்கில் மாப்பிள்ளையை எல்லோரும் மரியாதையாக அப்படித்தான் சொல்கிறார்கள். அவள் வாயில் வரும்போது மட்டும் அது வசவு. அந்தக் கட்டிடத்தில் அவள் வசவுக்குத் தப்பியவர்கள் குறைவு. தரக் கட்டுப்பாட்டுக்காரர்கள் அவளுக்கு முத்திரை குத்தும் குமாஸ்தாக்கள், விற்பனைக்காரர்கள் டை கட்டிய புரோக்கர்கள், புதிதாக வரும் டாக்டரேட்டுகள் படிகாரம் எது கற்கண்டு எது என்று தெரியாத கூட்டம். ஒரே ஒருவரை மட்டும் அவள் ஒன்றும் சொல்வதில்லை. அவர் ஓதேலு. ஹுஜூராபாத் பக்கத்து ஆள், ஐடிஐ படிப்பு. பாக்டீரியா வளர்க்கும் பெரிய எஃகுத் தொட்டியை, ஃபெர்மென்டர் என்பார்களே, அதைப் பத்தொன்பது வருஷமாக ஓட்டுகிறவர். அவரை அவள் அண்ணா என்பாள்.

அந்தத் தடுப்பூசியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது பெரிய சூத்திரம் ஒன்றும் இல்லை. சில பாக்டீரியாக்களின் மேல்தோலிலிருந்து கண்ணுக்கே தெரியாத கொப்புளங்கள் பிதுங்கிக் கழன்று விழும். கொப்புளத்துக்கு உயிர் கிடையாது. அது பெருகாது, நோய் தராது. ஆனால் அதன் மேல் பாக்டீரியாவின் சட்டை அப்படியே இருக்கும். உடம்பு அந்தச் சட்டையைப் பார்த்து வைத்துக்கொண்டு, அசல் திருடன் வரும்போது பிடித்துவிடும். பிரமராம்பா என்ன செய்தாள் என்றால், தோலை உள்ளே இழுத்துக் கட்டியிருக்கும் ஒரு மரபணுவை வெட்டினாள். தோல் தளர்ந்து கொப்புளம் மழையாய்க் கொட்டியது. காய்ச்சலைக் கிளப்பும் கொழுப்பின் பல்லைப் பிடுங்க இன்னொரு மரபணுவை வெட்டினாள். இப்படி நான்கு பாக்டீரியா: சீதபேதிக்கு இரண்டு வகை, டைபாய்டு, அதன் பங்காளி பாராடைபாய்டு. நான்கையும் தனித்தனியாக வளர்த்து, வடிகட்டி, கொப்புளங்களை ஒரே குப்பியில் கலந்தால் நான்கு நோய்க்கும் சேர்த்து ஒரே ஊசி. வளர்த்தல், வடிகட்டல், அடைத்தல். நடுவில் விலை உயர்ந்த சாமர்த்தியம் எதுவும் இல்லை. அதனால்தான் ஒரு ஊசி பத்தொன்பது ரூபாய்க்குக் கட்டுப்படியாகும் என்று அவளால் எழுதிக் கொடுக்க முடிந்தது.

எழுதிக் கொடுத்தது ஒரு வெளிநாட்டு நிதி அமைப்புக்கு. ஏப்ரலில் அவர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள். சரி என்றால் நான்கு நாடுகளில் எட்டாயிரம் குழந்தைகளுக்கு ஊசி போட்டுப் பார்க்கப் பணம் வரும். இல்லை என்றால் ஒன்பது வருஷமும் உறைபெட்டியில் மைனஸ் எண்பது டிகிரியில் படுத்துக்கிடக்கும். பிரமராம்பாவுக்கு வேறு ஆசை கிடையாது. வீடு, வாசல், பெயர், விருது எல்லாவற்றையும் அவள் எப்போதோ கையைத் தட்டி உதறியாயிற்று. அந்த ஊசி ஒரு குழந்தையின் தொடையில் இறங்குவதைப் பார்த்துவிட்டால் போதும்.

பதவிக்கு வந்த முதல் வாரமே பிரணீத் அவள் அறைக்கு வந்தான். கையில் ஒரு நோட்டு, புத்தம் புதுசு. உட்காரலாமா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தான். தனக்கு உயிரியல் தெரியாது, பன்னிரண்டாம் வகுப்பிலேயே கைவிட்டாயிற்று, ஒரு அரை மணி நேரம் சின்னப் பையனுக்குச் சொல்வதுபோல இதைச் சொல்லித் தர முடியுமா என்று கேட்டான். நல்லபடியாகத்தான் கேட்டான். அவளுக்கு அந்த நோட்டைப் பார்த்ததுமே பற்றிக்கொண்டு வந்தது. பாக்டீரியா எதுவென்று தெரியாதவன் பாக்டீரியா விற்க வந்திருக்கிறான், அதற்கு இவள் அரிச்சுவடி சொல்லித் தர வேண்டுமாம்.

“பாக்டீரியா மேல கொப்புளம் வரும் சார். அது கழண்டு விழும். அத நாம விக்கிறோம்” என்றாள். சொல்லிவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவன் அதை நோட்டில் எழுதிக்கொண்டான். கேட்டீர்களா, அதை எழுதிக்கொண்டான். இன்னும் ஏதாவது இருக்குமோ என்று ஒரு நிமிஷம் காத்திருந்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனான். அந்த வாரம் முழுவதும் கேன்டீனில் அவள் இதை நடித்துக் காட்டினாள். சோளத்தில் தட்டிய ஜொன்ன ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, ‘கொ…ப்பு…ளம்’ என்று எழுத்துக்கூட்டி எழுதுவதுபோல் காட்டுவாள், மேஜையே குலுங்கும். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று முடிப்பாள்.

ஜனவரியில் கழுதை கற்பூரத்தில் கை வைத்தது. ஃபெர்மென்டரைப் பதினாலு மணி நேரத்தில் ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கூட்டத்தில் கேட்டான். அதற்கு மேல் இரவெல்லாம் அது சும்மா நிற்கிறதே, ஓட்டலாமே என்றான். தரக் கட்டுப்பாட்டுக் குமாஸ்தாக்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஓட்டலாம் சார் என்றார்கள். ஓட்டித்தான் பார்க்கட்டுமே என்று பிரமராம்பா கையைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை சொன்னால் ஓட்டாமல் இருப்பார்களா? இருபத்திரண்டு மணி நேரம் ஓட்டினார்கள். வடிகட்டி அளந்தால் புரோட்டீன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கொப்புளம் எவ்வளவு என்று அங்கே நேராக யாரும் எண்ணுவதில்லை. அதில் இருக்கும் புரோட்டீனை அளந்து, அதிலிருந்து இத்தனை ஊசி என்று கணக்குப் போடுவதுதான் வழக்கம். பதினாலு மணி நேரத்தில் நிறுத்தினால் அந்த வழக்கம் சரிதான். புரோட்டீன் என்றால் கொப்புளம், கொப்புளம் என்றால் புரோட்டீன்.

அந்த நேரத்தைத் தாண்டினால் கதை வேறு. தீனி தீர்ந்துபோய், தோல் தளர்ந்த அந்தப் பாக்டீரியாக்கள் ஒவ்வொன்றாக வெடிக்க ஆரம்பிக்கும். குடல் கும்பி எல்லாம் வெளியே வரும். அதுவும் புரோட்டீன்தான். வடிகட்டியில் பாதி போனாலும் பாதி தங்கும். அளக்கும் கருவிக்கு மாணிக்கமும் ஒன்று, மண்ணாங்கட்டியும் ஒன்று. கணக்குப் பார்த்துப் பதினாலு மணி என்று வைத்தவள் பிரமராம்பா. அதற்கு ஆறு மாதம் எடுத்துக்கொண்டவளும் அவள்தான்.

இரட்டை விளைச்சலுக்கு அல்லுடுகாரு லட்டு வரவழைத்தான். எஃகுத் தொட்டிக்குச் சாமந்தி மாலை போட்டு, குங்குமம் வைத்து, கீழே தேங்காய் உடைத்தார்கள். கிருமி நுழையக் கூடாது என்று தலைமுடிக்கு உறை போட்டுக்கொண்டு நுழைகிற இடம் அது. பெரிய சார் வந்து மாப்பிள்ளை முதுகில் தட்டினார். போட்டோ எடுத்தார்கள். அதற்கப்புறம் நடந்த கூட்டத்தில் யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று பிரணீத் கேட்டபோது, பிரமராம்பா லட்டைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னாள்.

“புரோட்டீன் ஏறினதுக்கு வாழ்த்துக்கள் சார். மட்டன் பிரியாணியிலகூட நெறைய இருக்கு. அடுத்த பேட்ச்ல ஒரு அண்டா கொட்டிப் பாப்போம்.”

எல்லோரும் சிரித்தார்கள். பிரணீத்தும் வாய்விட்டுச் சிரித்தான். சிரித்தானே, அந்தச் சிரிப்போடு அவள் முடிவு கட்டிவிட்டாள். சரிதான், சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, புரியாதவனுக்கு விதி இருக்கிறது என்று லட்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

ஓதேலு மறுநாள் வேலை முடிந்து நேரே அவள் அறைக்கு வந்தார். பதினைந்து மணி நேரத்துக்கு மேல் நுரை வெண்டைக்காய்ப் பிசுக்கு மாதிரி ஆகிவிடுகிறது, வடிகட்டி அடைத்துக்கொண்டு மூன்று பங்கு அழுத்தம் கேட்கிறது, வாசனையே மாறிவிடுகிறது என்றார். “உள்ள எல்லாம் வெடிக்குதும்மா” என்றார். அவளுக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. டை கட்டிய ஒருத்தனுக்கும் தெரியாதது மூக்கு ஒன்றை வைத்துக்கொண்டு இவருக்குத் தெரிகிறது. ஒரு சின்னக் குப்பியில் மாதிரி எடுத்துத் தரச் சொன்னாள்.

அதை நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இருந்த தோழியிடம் அனுப்பி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் எடுக்க வைத்தாள். பத்து நாளில் படம் வந்தது. பதினாலு மணி நேரச் சரக்கில் கொப்புளங்கள் ஜவ்வரிசி கொட்டினதுபோல் உருண்டை உருண்டையாக இருக்கும். இதில் நொறுங்கின அப்பளம்தான் இருந்தது. துண்டு, துணுக்கு, நூல், சவ்வு, நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொப்புளம். தேறுகிற சரக்கு பழைய அளவுகூட இல்லை. அவள் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தாள். ரொம்ப அழகாக இருந்தது அவளுக்கு. அதற்குத் தனியாக ஒரு கோப்பு திறந்து, தேதி போட்டு, கடவுச்சொல் வைத்துப் பூட்டினாள்.

அதே வாரம் பிரணீத் நிதி அமைப்புக்குப் புது விலை எழுதினான். விளைச்சல் இரட்டித்துவிட்டதால் ஊசி இனிமேல் பத்தொன்பது ரூபாய் இல்லை, ஒன்பது. கூடவே வைக்கப் புரோட்டீன் அளவு அறிக்கை வேண்டும் என்றார்கள். ஆய்வகத் தலைவி என்ற முறையில் அதில் பிரமராம்பா கையெழுத்துப் போட வேண்டும். போட்டாள். புரோட்டீன் இவ்வளவு என்றுதானே எழுதியிருக்கிறது, அது சத்தியமாக இவ்வளவுதான். கொப்புளம் இவ்வளவு என்று எங்கே எழுதியிருக்கிறது? அவள் மனசு அன்று பளிங்குபோல் சுத்தமாக இருந்தது.

படம் வந்த விஷயம் ஓதேலுவுக்கு மட்டும் தெரியும். விலையைக் குறைத்தது கேள்விப்பட்டதும் மனிதர் பதறிப்போய் வந்தார்.

“அந்தப் படத்த அவருகிட்ட காட்டுங்கம்மா. இன்னிக்கே காட்டுங்க.”

“எதுக்கு?”

“தெரியாமப் பண்றாரு. படத்தப் பாத்தா அவருக்கும் புரியும்.”

“புரிஞ்சதும் என்ன பண்ணுவான் தெரியுமாண்ணா? பழையபடி பதினாலுக்குத் திருப்பிட்டு, ‘நான்தான் கண்டுபிடிச்சேன்’னு இன்னொரு தடவ லட்டு குடுப்பான். பெரியவர் இன்னொரு தடவ முதுகுல தட்டுவாரு.”

“குடுக்கட்டுமேம்மா. லட்டுதானே.”

“ஏப்ரல்ல அவங்க வரட்டும். அவங்க எல்லாரும் உக்காந்திருக்கும்போது காட்டறேன். குழிக்கு நேராப் போறவன நான் ஏன் கையப் புடிச்சு நிறுத்தணும்?”

ஓதேலு வாசல்வரை போய்த் திரும்பினார். பிறகு சொன்னார்: “அவரு மட்டும் விழறதா இருந்தா விழட்டும்மா. நம்ம புள்ளையும் அவரு தோள்மேலதானே உக்காந்திருக்கு.”

அவள் சிரித்துவிட்டாள். இவ்வளவு விவரமான ஆளுக்கும் முதலாளி வீடு என்றால் பயம் போகவில்லையே என்று பரிதாபப்பட்டாள். விஞ்ஞானம் தெரிந்தவர்கள் வருகிறார்கள், அவர்களுக்குச் சரக்கு எது சக்கை எது என்று தெரியும், மாப்பிள்ளையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுத் தன்னிடம்தான் பேசுவார்கள் என்று விளக்கினாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். சம்மதித்த ஆட்டல் இல்லை அது. அவளுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. பிப்ரவரியும் மார்ச்சும் அவள் வாழ்க்கையிலேயே சந்தோஷமான மாதங்கள். கல்யாணத்துக்கு நாள் எண்ணுகிறவள்போல் இருந்தாள். வராண்டாவில் பிரணீத் எதிர்ப்பட்டு வணக்கம் சொன்னால், என்றைக்கும் இல்லாமல் பதில் வணக்கம் சொன்னாள். அவன் அதை நம்பி, மேடத்துக்கு இப்போது என்மேல் கோபம் போய்விட்டது என்று யாரிடமோ சொன்னானாம். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

உகாதி முடிந்த மூன்றாம் நாள் அவர்கள் வந்தார்கள். மூன்று பேர். தலைமை டாக்டர் அதியாம்போ என்ற கென்யாக்காரி, அறுபதை நெருங்கும் வயது, தடித்த கண்ணாடி. கிசுமு ஊரில் இருபது வருஷம் குழந்தை வைத்தியம் பார்த்தவள், சீதபேதியில் காய்ந்துபோன குழந்தைகளைக் கையில் ஏந்தியவள் என்று பிரமராம்பா படித்திருந்தாள். பார்த்ததும் பிடித்துவிட்டது. ஆரம்பத்தில் கொடுத்த சாக்லேட்டையும் சால்வையையும் அந்த அம்மாள் ஓரமாக வைத்துவிட்டு, அரிசி மாவில் தட்டிய சர்வப்பிண்டியை மட்டும் இரண்டாவது துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். காகிதக் கட்டை முன்னால் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். ஆஹா, இவள் நம் ஜாதி என்று பிரமராம்பா நினைத்துக்கொண்டாள்.

பிரணீத் நாற்பது நிமிஷம் பேசினான். நல்ல கோட்டு, நல்ல படங்கள், ஏறுமுகமாகப் போகும் பச்சைக் கோடுகள். ஒன்பது ரூபாய் என்ற எண்ணைத் திரை முழுவதும் வரும்படி போட்டான். இந்த விலைக்கு உலகத்தில் எந்த ஏழைக் குழந்தைக்கும் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்காது என்றான். அப்போது அவன் குரல் கொஞ்சம் கரகரத்தது. நாடகம் என்று பிரமராம்பா உதட்டைப் பிதுக்கினாள். கேள்விகள் உண்டா என்று அதியாம்போ மேஜையைச் சுற்றிப் பார்த்தபோது பிரமராம்பா எழுந்தாள். ஒரே ஒரு படம் காட்ட அனுமதி வேண்டும் என்றாள்.

நொறுங்கின அப்பளம் திரை முழுவதும் விரிந்தது. பக்கத்திலேயே ஜவ்வரிசி.

“இது என்ன மேடம்?” என்று கேட்டது பிரணீத்தான். சத்தியமாகத் தெரியாமல்தான் கேட்டான்.

“உங்க இரட்டை விளைச்சல் சார்” என்றாள். “செத்த பாக்டீரியாவோட குடல்.”

பெரிய சார் நாற்காலியில் நிமிர்ந்தார். குமாஸ்தாக்கள் தண்ணீர் குடித்தார்கள். பிரமராம்பா பேசத் தொடங்கினாள். கொப்புளம் எப்படி வருகிறது, தோலை எது இழுத்துக் கட்டியிருக்கிறது, பதினாலு மணி நேரம் ஏன் பதினாலு, அதற்கு மேல் ஏன் வெடிக்கிறது, புரோட்டீன் எப்போது உண்மை சொல்லும் எப்போது பொய் சொல்லும் என்று ஒவ்வொன்றாக, படிப்படியாக, ஒரு வார்த்தை வீண் இல்லாமல் சொன்னாள். சின்னப் பையனுக்குக்கூடப் புரிந்திருக்கும். அவள் அவ்வளவு தெளிவாக யாருக்கும் எதையும் சொன்னதே இல்லை. சரியாக அரை மணி நேரம். பிரணீத் பார்த்துக்கொண்டே இருந்தான். முதலில் வெளுத்தான், பிறகு சிவந்தான், பிறகு நோட்டை எடுத்துக் குனிந்து எழுத ஆரம்பித்தான். அதைப் பார்த்ததும் அவளுக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை குளிர்ந்தது. நியாயமான விலை பத்தொன்பதுதான், அன்றும் அதுதான், இன்றும் அதுதான் என்று முடித்துவிட்டு உட்கார்ந்தாள்.

அதியாம்போ கைகூப்பவில்லை, கைதட்டவில்லை. மிக அருமையான விளக்கம் என்றாள். விஞ்ஞானத்தில் ஒரு குறையும் இல்லை என்றாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“இந்தப் படம் எப்ப எடுத்தது?”

“ஜனவரி இருபத்தெட்டு” என்றாள் பிரமராம்பா. பெருமையாகத்தான் சொன்னாள். தேதிவாரியாகச் சொல்லத் தெரிந்தவள் தான் ஒருத்திதான் என்ற பெருமை. தவளை தன் வாயால் கெடும் என்பது அடுத்தவனுக்கு மட்டும் சொல்லி வைத்த பழமொழி என்று நினைத்திருந்தாள் போலிருக்கிறது.

அதியாம்போ காகிதக் கட்டைப் புரட்டி ஒரு தாளை உருவினாள். புரோட்டீன் அறிக்கை. பிப்ரவரி நாலாம் தேதி. கீழே கையெழுத்து.

“இது உங்களோடதா?”

“ஆமா. அதுல இருக்கற எண் சரியான எண். புரோட்டீன் அவ்வளவுதான்.”

“எண் சரி. இதப் பாத்துட்டு நாங்க ரெண்டு மாசமா ஒன்பது ரூபாய நம்பிக்கிட்டிருந்தோம். அதுவும் உங்களுக்குத் தெரியும், இல்லையா?”

பிரமராம்பா, தலைவரிடம் அப்போதே கூட்டத்தில் சொன்னதாகச் சொன்னாள். என்ன சொன்னீர்கள் என்று அதியாம்போ கேட்டாள். மட்டன் பிரியாணி என்று அங்கே எப்படிச் சொல்வது? சூசகமாகச் சொன்னேன் என்றாள்.

அந்த அம்மாள் குரலை உயர்த்தவில்லை. கோபம்கூட இல்லை. “பத்தொன்பது ரூபாயே எங்களுக்குப் போதுமானதா இருந்துச்சு” என்றாள். “உங்க தலைவருக்குத் தெரியல. தெரியாதவங்கள நாங்க தினமும் பாக்கறோம், கத்துக்குடுத்துடலாம். உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். எங்க ஊரையும் சேத்து நாலு நாட்டுல எட்டாயிரம் குழந்தைக்கு இந்த ஊசி போடுவோம். இங்க ஒரு பேட்ச்ல ஏதோ தப்புன்னு ஒரு நாள் உங்களுக்குத் தெரிய வருது. அன்னிக்கே எனக்கு ஃபோன் பண்ணுவீங்களா? இல்ல, எல்லாரும் வந்து உக்காரட்டும்னு காத்திருப்பீங்களா?”

பண்ணுவேன் என்று பிரமராம்பா சொன்னாள். அது குழந்தைகள் விஷயம், இது வேறு விஷயம் என்றும் சொன்னாள். இதுவும் குழந்தைகள் விஷயம்தானே என்று அதியாம்போ சொல்லவில்லை. அந்தத் தாளைக் கட்டுக்குள் பழைய இடத்திலேயே செருகிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதா என்று பெரிய சாரைக் கேட்டாள்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. ஒரு பக்கம். விஞ்ஞானத்தின் தரத்தைப் பாராட்டியிருந்தார்கள். நிறுவனத்தின் உள்ளே தகவல் வரவேண்டிய இடத்துக்கு வரவேண்டிய நேரத்தில் வருவதில்லை என்பதால் நிதி தர இயலவில்லை என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பணம் இதேபோல் கொப்புளம் செய்கிற வேறொரு நாட்டுக்காரர்களுக்குப் போயிற்று. அவர்களுடையதில் இரண்டு நோய்தான், நான்கு இல்லை. விலையும் கூடுதல். பிரமராம்பா அவர்களையும் ஒரு நாள் முழுக்கத் திட்டித் தீர்த்தாள். கேட்க ஆளில்லை.

அவளை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. பெரிய சார் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. நான்கு பாக்டீரியாவையும் குப்பிகளில் அடைத்து, சீட்டு ஒட்டி, உறைபெட்டியில் வைக்கச் சொன்னார், அவ்வளவுதான். சீட்டெல்லாம் அவளே தன் கையால் எழுதினாள். அந்த எஃகுத் தொட்டி இறால் தீவனத்தில் கலக்கும் நல்ல பாக்டீரியா வளர்க்கப் போயிற்று. கடலோர ஜில்லாக்களில் இறால் குட்டை வைத்தவர்கள் அதற்கு வரிசையில் நிற்கிறார்கள். தொட்டியோடு ஓதேலுவும் போனார். போகிற அன்று ஆய்வகத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். அவள் அறை வாசலில் நிற்காமலே தாண்டிப் போனார். அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். அண்ணா என்று கூப்பிட வாய் வந்தது, கூப்பிடவில்லை. மதியம்வரை அழுதாள். அழுகைக்கு நடுவிலும் அந்த மருமகப் பிள்ளையைத்தான் சபித்தாள்.

மருமகப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்கிறீர்களா? என்ன ஆகும்? இறால் தீவனப் பிரிவுக்குத் தலைவனாகப் போட்டார்கள். அது தடுப்பூசியைவிட லாபமான பிரிவு. மே மாதம் ஒரு மத்தியானம் அவன் தன் அறையைக் காலி செய்துவிட்டு அவளிடம் சொல்லிக்கொள்ள வந்தான். உட்காரலாமா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தான். வயிறெரிய என்ன சொல்வான், எப்படித் திருப்பிக் கொடுக்கலாம் என்று அவள் தயாராகத்தான் இருந்தாள். அவன் சண்டைக்கு வந்ததுபோல் தெரியவில்லை. ஓதேலு தன்னிடம் எல்லாவற்றையும் சொன்னார் என்றான். படம் வந்த வாரமே அதைத் தன்னிடம் காட்டச் சொல்லி அவர் கேட்டுக்கொண்டதையும் சொன்னார் என்றான்.

“அன்னிக்கு கூட்டத்துலயே நான் சொன்னேன் சார்” என்றாள் அவள். “எல்லார் முன்னாடியும் சொன்னேன். புரோட்டீன் பிரியாணியிலயும் இருக்குன்னு.”

“சொன்னீங்க மேடம். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். நீங்க எப்பவும் அப்படித்தானே பேசுவீங்க. ஜோக்குன்னு நெனச்சேன்.”

“கொஞ்சம் யோசிச்சிருந்தா புரிஞ்சிருக்கும்.”

“எனக்குப் புரிஞ்சிருக்காது மேடம்.” எழுந்து நாற்காலியைப் பழைய இடத்தில் தள்ளி வைத்தான். “நான் முட்டாள்னு எனக்கு நல்லாவே தெரியும். அதனாலதானே உங்கள வெச்சிருந்தோம்.”

வணக்கம் சொல்லிவிட்டு இறால் தீவனம் பார்க்கக் கிளம்பிப் போனான்.